பருவகாலப் பூச்செடிகள்: தேர்வு முதல் விதை சேகரிப்பு வரை முழு வழிகாட்டி

பூத்துக் குலுங்கும் செடியைப் பார்த்து ஆசையாக வாங்கி வந்து நடுவார்கள். மூன்றே வாரத்தில் அது காய்ந்துபோனதும் "எனக்குக் கைராசி இல்லை" என்பார்கள். இப்படிச் சொன்ன பலரை எனக்குத் தெரியும். கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பருவகாலப் பூச்செடியின் ஆயுளே நான்கைந்து மாதம்தான். அந்த ஆயுளின் எந்தக் கட்டத்தில் செடி நம் கைக்கு வருகிறது, அப்போது வெளியே குளிரா வெயிலா என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம்.

அதனால் நிறத்தை வைத்தோ, விதை பாக்கெட்டில் உள்ள படத்தை வைத்தோ தொடங்க வேண்டாம். பருவம், வெயில், செடி, நாள் கணக்கு, மண், விதை. இந்த வரிசையில் போவோம். புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: முதலில் விதை வாங்கி, கடைசியில் இடம் தேடுகிறார்கள்.

1. இரவு எவ்வளவு குளிர்கிறது என்று பாருங்கள்

பருவகாலப் பூச்செடிகளை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒன்று, குளிரில் வளர்பவை: பெட்டூனியா, பான்சி, ஆன்டிரினம், டயாந்தஸ், காலண்டுலா, ஸ்வீட் பீ, அலிசம், நாஸ்டர்டியம் போன்றவை. மற்றது, வெப்பத்தில் வளர்பவை: செண்டுமல்லி, ஜின்னியா, காஸ்மாஸ், காசித்தும்பை, கோழிக்கொண்டை, வாடாமல்லி, நித்தியகல்யாணி, டேபிள் ரோஸ், சூரியகாந்தி போன்றவை.

மாதப் பெயரை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள். ஒரே மாதத்தில் ஒரு ஊரில் உறைபனியும் இன்னொரு ஊரில் வியர்வையும் இருக்கும். இரவு வெப்பநிலையை எடுத்துக்கொள்ளுங்கள். இரவில் 18 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கி, பகலில் 25 டிகிரியை ஒட்டி நிற்கும் மாதங்கள் குளிர்ப் பருவச் செடிகளுக்கு உகந்தவை. இரவே 18 டிகிரிக்கு மேல் இருந்தால் வெப்பச் செடிகள் பக்கம் போய்விடுங்கள்.

பகலில் ஓரளவு வெயில் அடித்தாலும் இரவு குளிர்ந்தால் பான்சி தாங்கிக்கொள்ளும். இரவும் புழுங்கத் தொடங்கியதும் அதன் தண்டு நீண்டு, பூ சிறுத்துப்போகும். வெப்பச் செடிகளின் கதை நேர்மாறானது. இரவு 10 டிகிரிக்குக் கீழே போனால் ஜின்னியாவும் நித்தியகல்யாணியும் வளர்ச்சியை நிறுத்திவிடும். நித்தியகல்யாணிக்குக் குளிர்ந்த ஈர மண் என்றால் வேரே அழுகிவிடும். உறைபனி விழும் இடமாக இருந்தால், கடைசி உறைபனி கடந்த பிறகே வெப்பச் செடிகளை வெளியில் நட வேண்டும்.

பெட்டூனியா மட்டும் கொஞ்சம் இரண்டுங்கெட்டான். மிதமான கோடை உள்ள இடங்களில் கோடை முழுக்கப் பூக்கும். கடும் வெயில் அடிக்கும் இடங்களில் குளிர்காலச் செடியாகவே வைத்துக்கொள்வது நல்லது.

தொடர் மழைக் காலத்துக்குக் காசித்தும்பை, கோழிக்கொண்டை, வாடாமல்லி, டொரீனியா ஆகியவை ஓரளவு ஈடுகொடுக்கும், தண்ணீர் தேங்காத வரை. பெட்டூனியாவின் பெரிய பூக்கள் மழையில் நனைந்த காகிதம்போல ஒட்டிக்கொண்டு தொங்கிவிடும். மழை நாளில் அதை நம்பக் கூடாது.

2. வெயிலை மணிக்கணக்கில் அளந்து பாருங்கள்

"எங்கள் வீட்டில் நல்ல வெயில் வரும்" என்று எல்லோரும் சொல்வார்கள். அளந்து பார்த்தால் அது மூன்று மணி நேரமாக இருக்கும். நடப்போகும் இடத்தைக் காலை 7 மணி முதல் மாலை 5 மணி வரை மணிக்கு ஒருமுறை போய்ப் பார்த்து, வெயில் விழுகிறதா நிழலா என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். விடுமுறை நாள் ஒன்று போதும்.

6 மணி நேரத்துக்கு மேல் நேரடி வெயில் இருந்தால் மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை பூக்கும். 4 மணி நேரம் என்றால் பான்சி, அலிசம், காசித்தும்பை. அதற்கும் குறைவு என்றால் இம்பேஷன்ஸ், பெகோனியா, டொரீனியா ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நிழலில் வைத்த செண்டுமல்லி சாகாது; ஆனால் உயரமாக வளர்ந்து, இலை மட்டும் தந்து, ஒரு பூவுக்காக உங்களை இரண்டு மாதம் காத்திருக்க வைக்கும்.

சூரியன் பருவத்துக்குப் பருவம் இடம் மாறும் என்பதையும் மறக்க வேண்டாம். கோடையில் வெயில் விழுந்த மூலை, குளிர்காலத்தில் சுவரின் நிழலுக்குள் போயிருக்கலாம். அந்தப் பருவம் தொடங்கும்போது இன்னொரு முறை அளப்பது நல்லது.

இன்னொன்றையும் இரவில் போய்ப் பாருங்கள்: தெருவிளக்கு. நண்பர் ஒருவர் வீட்டில் வாசல் ஓரமாக ஒரே வரிசையில் சாமந்தி நட்டிருந்தார். வரிசையின் ஒரு பாதி மொட்டுவிட்டு விரிந்துகொண்டிருந்தது. மறுபாதியில் இலை மட்டும், மொட்டின் அடையாளமே இல்லை. ஒரே நாளில் நட்டவை, ஒரே உரம், ஒரே தண்ணீர். சாயங்காலம் விளக்கு எரிந்த பிறகு போய்ப் பார்த்தபோதுதான் புரிந்தது. மொட்டில்லாத பாதி மீது தெருவிளக்கின் வெளிச்சம் நேராக விழுந்துகொண்டிருந்தது. சாமந்தி, இரவு நீண்டால்தான் மொட்டு வைக்கும் செடி. அந்த நீண்ட இருட்டை நடுவில் வெளிச்சம் வெட்டிவிட்டால், இன்னும் இரவு நீளவில்லை என்று கணக்கு வைத்துக்கொண்டு இலையை மட்டும் வளர்க்கும். காஸ்மாஸுக்கும் இந்தக் குணம் உண்டு. இத்தகைய செடிகளை விளக்கு வெளிச்சம் படாத பக்கம் வையுங்கள்.

3. இப்போது செடியைத் தேர்ந்தெடுங்கள்

முதல் முறை என்றால் மூன்று வகைக்கு மேல் போகாதீர்கள். பத்து வகை வாங்கினால் பத்துவிதமான விதைப்பு முறை, பத்துவிதமான நாள் கணக்கு. எதைக் கவனிக்க விட்டோம் என்றே தெரியாது.

வெப்பப் பருவத்தில் தொடங்குபவருக்கு நான் சொல்வது செண்டுமல்லி, ஜின்னியா, காஸ்மாஸ். மூன்றுக்கும் விதை பெரியது, கையால் எடுத்து ஒவ்வொன்றாக ஊன்றலாம். ஒரு வாரம் பத்து நாளில் முளைத்துவிடும். குளிர்ப் பருவத்தில் காலண்டுலா, நாஸ்டர்டியம், டயாந்தஸ். பெட்டூனியாவையும் பான்சியையும் விதையிலிருந்து வளர்ப்பதை இரண்டாவது வருடத்துக்குத் தள்ளிவைத்து, முதல் வருடம் நாற்றாக வாங்கி நடுங்கள்.

உயரத்தையும் பாருங்கள். செண்டுமல்லியிலேயே முழங்காலுக்குக் கீழே நிற்கும் குட்டை ரகமும் உண்டு, இடுப்பளவு வளர்ந்து காற்றில் சாயும் ரகமும் உண்டு. தொட்டிக்குக் குட்டை ரகம்தான் சரி. பாத்தி என்றால் உயரமானவை பின்னால், குட்டையானவை முன்னால். நான்கு பக்கமும் பார்க்கும் பாத்தி என்றால் உயரமானவை நடுவில்.

நாற்றாக வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது: முழுதாகப் பூத்த செடியை விட்டுவிடுங்கள். பச்சை மொட்டோடு, பக்கக் கிளைகளோடு குட்டையாக நிற்கும் செடியைத் தேடுங்கள். சிறு பையில் வளர்ந்து பூவும் விட்ட செடி ஏற்கெனவே தன் ஆயுளில் பாதியைக் கடந்திருக்கும். பையின் அடித் துளையைப் பாருங்கள். வெள்ளை வேர் லேசாக எட்டிப் பார்த்தால் நல்லது. பழுப்பு வேர் பாய்போலச் சுற்றிக்கொண்டிருந்தால் வேண்டாம். அப்புறம் இரண்டு இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். பூச்சி இருந்தால் அங்கேதான் இருக்கும். ஒரு செடியோடு வரும் வெள்ளை ஈ, வீட்டில் உள்ள எல்லாச் செடிக்கும் பரவும்.

4. பூ வேண்டிய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

மற்ற எந்த வேலையையும்விட இந்த ஒரு கணக்குக்கு நேரம் ஒதுக்குங்கள் என்பேன். விதைத்த நாளிலிருந்து முதல் பூ வர ஆகும் காலம் ஏறக்குறைய இப்படி:

குட்டைச் செண்டுமல்லி, ஜின்னியா, காசித்தும்பை, டேபிள் ரோஸ் ஆகியவற்றுக்கு 8 முதல் 9 வாரம். காஸ்மாஸ், காலண்டுலா, சூரியகாந்திக்கு 8 முதல் 10 வாரம். உயரமான செண்டுமல்லி, கோழிக்கொண்டை, வாடாமல்லிக்கு 10 முதல் 12 வாரம். பெட்டூனியா, நித்தியகல்யாணிக்கு 12 முதல் 14 வாரம். பான்சி, ஆன்டிரினத்துக்கு 13 முதல் 16 வாரம்.

குளிர் மாதங்களின் நடுவில் பெட்டூனியா பூத்திருக்க வேண்டும் என்றால், அங்கிருந்து 14 வாரம் பின்னால் போங்கள். நுனி கிள்ளுவதற்கு ஒரு வாரம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆக 15 வாரம், அதாவது 105 நாள். அந்த நாள் பெரும்பாலும் குளிர் தொடங்கும் முன்பே வந்துவிடும். வெளியே இன்னும் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். "குளிர் வரட்டும், விதைக்கலாம்" என்று காத்திருந்தவர்களின் பெட்டூனியா, வெயில் திரும்பும் நேரத்தில் மொட்டுவிட்டு இரண்டு வாரத்தில் கருகுவது இதனால்தான். குளிர்ச் செடிகளுக்கான நாற்றை, பருவத்துக்கு முன்பே வீட்டுக்குள்ளோ நிழல்வலைக்குக் கீழேயோ தொடங்கியாக வேண்டும்.

ஜின்னியா, சூரியகாந்தி போன்றவற்றை ஒரே நாளில் முழுக்க விதைக்காமல், மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக விதையுங்கள். முதல் தொகுதி ஓயும்போது அடுத்தது பூக்கத் தொடங்கியிருக்கும்.

5. விதைக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முளைத்த பிறகு ஓடிப்போய் வாங்க நேரம் இருக்காது. இவற்றை முதலிலேயே எடுத்து வையுங்கள்: குழித்தட்டு அல்லது அடியில் துளையிட்ட ஆழமில்லாத தட்டு, விதைப்புக் கலவை, மெல்லிய துளைகள் உள்ள பூவாளி, கைத்தெளிப்பான், பெயர் எழுதும் குச்சி, அழியாத மை, தட்டு நிற்கும் அளவுக்கு அகலமான தண்ணீர்த் தட்டு.

விதைப்புக் கலவைக்குத் தென்னை நார்க்கழிவு 2 பங்கு, சலித்த மண்புழு உரம் 1 பங்கு. நார்க்கழிவைத் தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, மறுபடியும் அலசிப் பிழியுங்கள். அதில் உப்பு இருக்கும். அலசாமல் போட்டால் முளை கருகும். தோட்ட மண்ணை விதைத்தட்டில் போட வேண்டாம். அது தட்டில் இறுகிவிடும், களை விதையும் அழுகல் பூஞ்சையும் கூடவே வரும்.

குச்சியில் பெயரோடு விதைத்த தேதியையும் எழுதுங்கள். மூன்றாவது வாரத்தில் எது எது என்று அடையாளம் தெரியாமல் நிற்பவர்கள் ஏராளம்.

பழைய விதை என்றால் ஒரு சோதனை. ஈரமான காகிதத் துணியில் 10 விதையை மடித்து, ஒரு டப்பாவில் மூடிவைத்து, முளைக்க வேண்டிய நாளில் பிரித்துப் பாருங்கள். 7 முளைத்தால் தாராளமாக விதைக்கலாம். 3 தான் முளைத்தது என்றால் இரண்டு மடங்கு விதையுங்கள் அல்லது புது விதை வாங்குங்கள்.

6. விதைப்பு

பொது விதி: விதையின் பருமனைப்போல இரண்டு மூன்று மடங்கு ஆழம், அதற்கு மேல் வேண்டாம். விதைக்குள் இருக்கும் சேமிப்பு உணவு தீர்வதற்குள் முளை வெளிச்சத்துக்கு வந்துவிட வேண்டும். ஆழத்தில் போட்டால் வழியிலேயே தீர்ந்துவிடும்.

செண்டுமல்லி, ஜின்னியாவுக்கு அரை செ.மீ. போதும். பெட்டூனியா விதை தூசியைப்போல இருக்கும். ஒரு கிராமில் ஏறக்குறைய 10,000 விதை. பெட்டூனியா, ஆன்டிரினம், டேபிள் ரோஸ், பெகோனியா ஆகியவற்றுக்கு முளைக்க வெளிச்சம் தேவை, மண்ணால் மூடவே கூடாது. முதல் முறை நான் பெட்டூனியா விதையின் மேல் நல்லெண்ணத்தோடு ஒரு கைப்பிடி மண்புழு உரத்தைத் தூவிவிட்டேன். மூன்று வாரம் காத்திருந்தும் ஒன்றுகூட வரவில்லை. அடுத்த முறை ஈரக் கலவையின் மேல் விதையைத் தூவி, கையால் லேசாக அழுத்தியதோடு சரி. பத்தாவது நாள் பச்சைப் புள்ளிகள் தெரிந்தன.

இதற்கு நேர்மாறாக நித்தியகல்யாணி, பான்சி, காலண்டுலா ஆகியவை இருட்டில் நன்றாக முளைக்கும். மெல்லிய அடுக்காகக் கலவையால் மூடி, தட்டின் மேல் ஒரு அட்டையையும் வையுங்கள். தினமும் தூக்கிப் பாருங்கள். முதல் முளை தெரிந்த அன்றே அட்டையை எடுத்துவிட வேண்டும்.

ஸ்வீட் பீ, நாஸ்டர்டியம் இரண்டுக்கும் தோல் கெட்டி. ஓர் இரவு ஊறவையுங்கள். பாப்பி, லார்க்ஸ்பர், நாஸ்டர்டியம், சூரியகாந்தி போன்றவற்றுக்கு வேரைத் தொந்தரவு செய்வது பிடிக்காது. இவற்றைப் பூக்க வேண்டிய இடத்திலேயே நேராக விதைத்துவிடுங்கள்.

வரிசை முக்கியம்: கலவையை முதலில் நனையுங்கள், பிறகு விதையுங்கள். விதைத்த பிறகு மேலே தண்ணீர் ஊற்றினால் சிறு விதைகள் எல்லாம் ஒரு மூலைக்கு ஓடிச் சேர்ந்துவிடும்.

7. முளைத்த பின் முதல் இரண்டு வாரம்

அதிகச் செடிகள் சாவது இங்கேதான். காலையில் நிமிர்ந்து நின்ற நாற்று மாலையில் படுத்திருக்கும். அருகில் போய்ப் பார்த்தால் இலை பச்சையாகவே இருக்கும். மண்ணை ஒட்டிய இடத்தில் மட்டும் தண்டு நூல்போல இளைத்து, தண்ணீரில் ஊறியதுபோலப் பழுப்பாகியிருக்கும். இது நாற்றழுகல் நோய். மண்ணில் உள்ள பூஞ்சைகளின் வேலை. விழுந்த நாற்று திரும்ப எழாது. அதைச் சுற்றியுள்ள கலவையோடு சேர்த்துக் கரண்டியால் எடுத்துப்போட்டு, தட்டைக் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள்.

வராமல் தடுப்பது சுலபம். நெருக்கமாக விதைக்காதீர்கள். தண்ணீரை மேலிருந்து ஊற்றாமல், தண்ணீர்த் தட்டில் விதைத்தட்டைப் பத்து நிமிடம் வைத்து அடியிலிருந்து உறிஞ்சவிடுங்கள். மேல்பரப்பு லேசாக வெளுத்த பிறகே அடுத்த தண்ணீர். ஈரம் காக்க மூடியிருந்த பாலித்தீன் தாளை, பாதி விதை முளைத்ததும் எடுத்துவிடுங்கள்.

அடுத்த பிழை, வெளிச்சம் போதாமல் நாற்று வெளிறிப்போய் நீண்டு வளர்வது. முளைத்த அன்றே நல்ல வெளிச்சத்துக்கு மாற்றுங்கள். ஜன்னலோரம் என்றால் தினமும் தட்டைத் திருப்பி வையுங்கள். நீண்டுபோன நாற்றுக்கு உரம் போட்டால் இன்னும் நீளுமே தவிர, பருக்காது.

உண்மையான இலை (முதலில் விரியும் விதையிலைகளுக்குப் பிறகு வரும் இலை) இரண்டு வந்ததும், குழிக்கு ஒரு நாற்று மட்டும் இருக்கும்படி மற்றதைக் களையுங்கள். பிடுங்க மனம் வராது, தெரியும். ஆனால் ஒரே குழியில் மூன்று நாற்றை விட்டால் மூன்றுமே நோஞ்சானாக நிற்கும். வேண்டாததைக் கத்தரிக்கோலால் மண்மட்டத்தில் வெட்டுங்கள். பிடுங்கினால் பக்கத்து நாற்றின் வேரும் அசையும்.

8. நாற்று வளரும்போதே பாத்தியைத் தயார் செய்யுங்கள்

நாற்று தயாரான பிறகு மண்ணைக் கொத்தத் தொடங்குபவர்கள், அதற்குள் நாற்றைக் குழியிலேயே முற்றவிட்டுவிடுகிறார்கள். நடவுக்கு இரண்டு வாரம் முன்பே இதை முடியுங்கள்.

முதலில் வடிகால் சோதனை. 30 செ.மீ. ஆழக் குழி வெட்டி, தண்ணீர் நிரப்பி, முழுதும் இறங்கவிட்டு, மறுபடியும் நிரப்புங்கள். இரண்டாவது முறை நிரப்பிய தண்ணீர் சில மணி நேரத்தில் இறங்கினால் கவலையில்லை. மறுநாளும் நின்றால் அங்கே 15 முதல் 20 செ.மீ. உயரத்தில் மேட்டுப்பாத்தி போடுங்கள். வேருக்குத் தண்ணீர் எவ்வளவு தேவையோ, காற்றும் அவ்வளவு தேவை. தேங்கிய மண்ணில் காற்று இல்லை.

மண்ணை 20 முதல் 25 செ.மீ. ஆழம் கொத்தி, நன்றாக மக்கிய தொழுவுரம் அல்லது கம்போஸ்டை 3 முதல் 5 செ.மீ. பரப்பிக் கலந்துவிடுங்கள். மக்காத சாணம் வேண்டாம். சூட்டில் வேர் கருகும். காஸ்மாஸ், நாஸ்டர்டியம் நடும் பகுதியில் உரத்தைப் பாதியாகக் குறையுங்கள். வளமான மண்ணில் இவை இலையாகவே தள்ளும்.

தொட்டி என்றால் தோட்ட மண் 2 பங்கு, கம்போஸ்ட் 1, மணல் அல்லது நார்க்கழிவு 1. வாய் 25 செ.மீ. உள்ள தொட்டிக்கு உயரச் செண்டுமல்லி ஒன்று, டேபிள் ரோஸ் என்றால் மூன்று.

9. வெயிலுக்குப் பழக்கி, மாலையில் நடுங்கள்

நான்கு முதல் ஆறு உண்மையான இலை வந்த நாற்று நடவுக்குத் தயார். அதற்கு முன் ஒரு வாரம் பழக்க வேண்டும். முதல் நாள் காலை வெயிலில் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு, இப்படியே கூட்டிக்கொண்டு போங்கள். நிழலில் வளர்ந்த இலையின் மேல்தோல் மெல்லியது; ஒரேயடியாக வெயிலில் வைத்தால் அன்று மாலைக்குள் வெள்ளைத் திட்டாக வெந்துவிடும்.

நடும் நேரம் மாலை. ஓர் இரவு முழுக்க வேர் ஆசுவாசப்படுத்திக்கொள்ளக் கிடைக்கும். நடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு தட்டை நனைத்தால் வேர்க்கட்டி உடையாமல் வரும். நாற்றை இலையைப் பிடித்துத் தூக்குங்கள், தண்டைப் பிடிக்காதீர்கள். இலை கிழிந்தால் வேறு இலை வரும். தண்டு நசுங்கினால் அவ்வளவுதான்.

குழித்தட்டில் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் நடுங்கள். செண்டுமல்லிக்கு மட்டும் விலக்கு. நீண்டுபோன செண்டுமல்லி நாற்றை முதல் இலை வரை புதைக்கலாம், புதைந்த தண்டிலிருந்து வேர் விடும்.

இடைவெளி: உயரச் செண்டுமல்லி, காஸ்மாஸுக்கு 30 முதல் 45 செ.மீ.; ஜின்னியா, பெட்டூனியாவுக்கு 25 முதல் 30; குட்டைச் செண்டுமல்லிக்கு 20 முதல் 25; டேபிள் ரோஸுக்கு 15 முதல் 20. நட்ட அன்று பாத்தி வெறிச்சென்று தெரியும். அந்த வெறுமையைப் பார்த்து இடையில் இன்னொன்றைச் செருகாதீர்கள். ஆறு வாரத்தில் மூடிவிடும். நெருக்கி நட்ட ஜின்னியாவில் காற்று புகாமல், இலையில் வெள்ளைப் பொடியாகப் படியும் சாம்பல் நோய் வருவதுதான் மிச்சம்.

நட்டதும் தண்ணீர், பிறகு மண்ணை மூடிக் காய்ந்த இலைச் சருகை 3 செ.மீ. மூடாக்காகப் போடுங்கள். தண்டை ஒட்டிப் போடாமல் இரண்டு விரல் தள்ளிப் போடுங்கள்.

10. முதல் மொட்டைக் கிள்ளுங்கள்

நட்ட பத்துப் பதினைந்து நாளில், செடி புதுத் தளிர் விட்டதும், நுனியை ஒரு ஜோடி இலைக்குச் சற்று மேலே கிள்ளிவிடுங்கள். மொட்டு இருந்தால் அதோடு சேர்த்து. நுனியில் சுரக்கும் ஹார்மோன்தான் கீழேயுள்ள பக்கமொட்டுகளை வளரவிடாமல் அடக்கிவைக்கிறது. நுனி போனதும் அவை கிளையாக எழும். ஒரு பூ இருந்த இடத்தில் நான்கு கிளை, நான்கிலும் பூ.

செண்டுமல்லி, ஜின்னியா, பெட்டூனியா, ஆன்டிரினம், சாமந்தி, காஸ்மாஸ் ஆகியவற்றைக் கிள்ளலாம். சேவல் கொண்டைபோல ஒரே பெரிய பூ வைக்கும் கோழிக்கொண்டை, ஒற்றைத் தண்டுச் சூரியகாந்தி ஆகியவற்றைத் தொடாதீர்கள். இருக்கிற ஒரே பூவும் போய்விடும். காசித்தும்பை தண்டை ஒட்டியே பூப்பதால் அதற்கும் வேண்டாம்.

11. தண்ணீரும் உரமும்

"தினமும் ஒரு வேளை" என்ற கணக்கு வேண்டாம். விரலை 3 செ.மீ. மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் இன்று வேண்டாம். காய்ந்திருந்தால் தொட்டியின் அடித் துளை வழியே வடியும் வரை ஊற்றுங்கள். தினம் கொஞ்சம் தெளித்தால் வேர் மேலேயே தங்கி, ஒருநாள் மறந்தாலும் செடி துவளும். காலையில், செடியின் அடியில் ஊற்றுங்கள். இரவு முழுக்க இலை ஈரமாக இருந்தால் பூஞ்சை வரும்.

நடுப்பகலில் துவண்ட செடி மாலையில் நிமிர்ந்தால் அது வெயிலின் களைப்பு மட்டுமே. மண் ஈரமாக இருந்தும் காலையிலேயே துவண்டு நின்றால் வேர் அழுகுகிறது என்று அர்த்தம். அப்போது மேலும் தண்ணீர் ஊற்றுவதுதான் மிகப் பெரிய தவறு.

பாத்திச் செடிக்கு அடியுரமே பெரும்பாலும் போதும். மொட்டு வரும் நேரத்தில் ஒரு கைப்பிடி மண்புழு உரம் கொடுத்தால் நல்லது. தொட்டியில் ஒவ்வொரு தண்ணீரிலும் சத்து வடிந்துபோவதால் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கொடுத்தாக வேண்டும். தண்ணீரில் கரையும் 19:19:19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ளது) என்றால் லிட்டருக்கு 1 முதல் 2 கிராம். காய்ந்த மண்ணில் ஊற்றினால் வேர் கருகும், முதலில் நனையுங்கள். செடி கரும்பச்சையாகச் செழித்தும் பூ இல்லை என்றால் தழைச்சத்து மிகுந்துவிட்டது, உரத்தை நிறுத்துங்கள்.

12. வாடிய பூவை அன்றன்றே எடுங்கள்

ஒருபருவச் செடிக்கு வாழ்க்கையில் ஒரே வேலை, விதை வைப்பது. விதை முற்றியதும் பூப்பதை நிறுத்திக்கொள்ளும். வாடிய பூவை எடுத்துக்கொண்டே இருந்தால் அது மறுபடி மறுபடி மொட்டு வைக்கும்.

இதழை மட்டும் பிய்ப்பது பயன் தராது. பெட்டூனியாவில் வாடிய பூவை இழுத்தால் இதழ் கையோடு வந்துவிடும். பச்சைக் காம்பில் சிறு கூம்பாக விதைப்பை அங்கேயே இருக்கும். அதையும் சேர்த்துக் கிள்ள வேண்டும். ஜின்னியா, செண்டுமல்லியில் காம்பைத் தொடர்ந்து கீழே போய், முதல் இலை ஜோடிக்கு மேலே வெட்டுங்கள்.

கோடு கோடாக நீண்டு, நுனியில் மட்டும் பூக்கும் பெட்டூனியாவை மூன்றில் ஒரு பங்கு வெட்டி, உரம் கொடுத்தால் மூன்று வாரத்தில் திரும்பப் பூக்கும்.

13. பூச்சி, நோய்

வாரம் ஒருமுறை இலையைத் திருப்பிப் பாருங்கள். தளிரில் கூட்டமாக அசுவினி தெரிந்தால், தண்ணீரை வேகமாக அடித்தாலே பாதி போய்விடும். வறண்ட வெயிலில் செண்டுமல்லி இலையில் வெளிர் புள்ளிகளும் நுண்ணிய வலையும் தெரிந்தால் சிவப்புச் சிலந்தி. பாதிக்கப்பட்ட இலைகளை எடுத்துவிட்டு, இலையின் அடிப்பக்கம் தண்ணீர் தெளியுங்கள்.

தீரவில்லை என்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெய். எண்ணெய் கரைய 1 முதல் 2 மி.லி. திரவ சோப்பை முதலில் கலந்துகொள்ளுங்கள். ஓர் இலையில் தெளித்து ஒருநாள் பொறுத்துப் பார்த்த பிறகு செடி முழுக்க. எப்போதும் மாலையில்தான். வெயிலில் அடித்தால் இலை கருகும், பகலில் தேனீக்களும் வரும். விரிந்த பூவின் மேல் படாமல் அடியுங்கள்.

14. அடுத்த பருவத்துக்கு விதை

நல்ல செடியில் ஒன்றிரண்டு பூவை மட்டும் கிள்ளாமல் விட்டு முற்றவிடுங்கள். செண்டுமல்லி, ஜின்னியா பூக்கள் செடியிலேயே பழுப்பாகக் காய்ந்து, காம்பும் காய்ந்த பிறகு, பனி உலர்ந்த நேரத்தில் எடுங்கள். காசித்தும்பைக் காய் தொட்டதும் வெடித்துவிடும். வெளிறத் தொடங்கும்போதே சிறு துணிப்பையைக் கட்டிவிடுங்கள்.

பாக்கெட்டில் எஃப்1 (இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கிய முதல் தலைமுறைக் கலப்பின விதை) என்று போட்டிருந்தால் அந்தச் செடியின் விதை தாயைப்போலப் பூக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அதற்குப் புது விதைதான் வாங்க வேண்டும். ஜின்னியாவில் பல நிறங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வளர்த்திருந்தால் தேனீக்கள் கலந்துவிட்டிருக்கும். அடுத்த வருடம் வேறு நிறம் வரலாம்.

விதையை நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, காகித உறையில் போட்டு, பெயரும் தேதியும் எழுதி, காற்றுப் புகாத டப்பாவில் குளிர்ந்த, இருட்டான இடத்தில் வையுங்கள். பெரும்பாலானவை இரண்டு மூன்று வருடம் தாங்கும். உறையின் பின்பக்கம், விதைத்த நாளையும் முதல் பூ வந்த நாளையும் குறித்துவையுங்கள். நான்காவது படியில் நான் கொடுத்த வாரக் கணக்கு பொதுவானது. உங்கள் தோட்டத்தின் கணக்கு அந்த உறையில்தான் இருக்கும்.